அருவிக்காரர்

அறைக்குள் வருகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. சட்டைப் பையைத்தான் பார்ப்பார். "போன் இருக்கா? சரி, அப்ப நீங்க வந்துட்டீங்க" என்று தலையசைப்பார். போனை வண்டியிலேயே மறந்துவிட்டு வந்தவர் எவ்வளவு பெரிய மேலாளராக இருந்தாலும், அவர் கணக்கில் இன்னும் வந்து சேராதவர்தான்.

அலுவலகங்களில் சுவரளவு திரை மாட்டித் தருவது அவர் தொழில். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தத் திரை அவரவர் போனை வைத்துத்தான் கணக்கெடுக்கும். நாலு பேர் கூடினால் பொதுவானது மட்டும் சுவரில் தெரியும். சொந்த சமாசாரம் அவரவர் போனுக்குள் பதுங்கிக்கொள்ளும். தனியாக இருப்பவர் எதை வேண்டுமானாலும் சுவரில் விரித்துப் படிக்கலாம். இன்னொருவரின் போன் வாசலைத் தாண்டியதும் ஓர் அருவிப் படம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த அருவி அவரே தேடிப் பிடித்தது. "யாருக்கும் உறுத்தாது சார். தண்ணி அது பாட்டுக்கு விழுந்துகிட்டு இருக்கும்." அவருக்குப் பெயரும் அதிலிருந்துதான் வந்தது.

உறுத்தத்தான் செய்தது. அருவி விழுந்தால் ஆள் எதையோ மறைக்கிறார் என்பது ஒரே வாரத்தில் அலுவலகம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கணக்குப் பிரிவில் ஒருவர் வேறு வேலை தேடியது அப்படித்தான் அம்பலமானது. புகார் சொன்னால் அருவிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அது மறைக்குது சார், காட்டிக்குடுக்கல!"

வீட்டுக் கூடத்திலும் அதே சுவர், அதே அருவி. மகள் நுழையும்போதே கத்துவாள்: "அப்பா, அருவி கொட்டுது! மறுபடியும் சீட்டாட்டமா?"

மனைவியின் மார்பில் ஒரு சிறு கட்டி. சோதனை முடிவு இந்த வாரம் வர வேண்டும். "இன்னும் வரலைங்க" என்றுதான் காலையில்கூடச் சொன்னாள். சாயங்காலம் அவர் கதவைத் திறந்து காலை எடுத்து வைத்ததும், சுவரில் அருவி விழுந்தது. அதன் முன்னால் அவள், திரும்பிப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

எந்த அருவியையும் விலக்கிப் பார்க்கும் சாவி அவர் போனில் இருந்தது, ஒரே தட்டுதான். கட்டைவிரல் அங்கே போயும் விட்டது. வெட்கமாக இருந்தது. அப்படியே பின்வாங்கி வாசலுக்கு வெளியே போய் நின்றார். அருவி மறைந்தது.

"வந்திடுச்சுங்க" என்றாள் அவள், உள்ளேயிருந்து. "தனியாப் படிக்க பயமா இருக்கு. உள்ள வாங்களேன்."

தூங்கும்போதுகூடத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும் போனை, வெளியே செருப்பு அலமாரியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்கையோடு உள்ளே போனார். சுவரின் கணக்கில் அவர் இன்னும் வந்து சேரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.