சந்தனம் வைத்த பெயின்ட் துவக்குகள்

போன வாரம் என் மகள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அப்பா, இங்க பாருங்க, ஒங்க துவக்கு!" என்றாள். ஏதோ ஒரு நாட்டில், பெரிய மண்டபம் ஒன்றில், புதிதாக வந்த பெயின்ட் துவக்குகளை மேசை மேசையாகப் பரப்பிவைத்து, ஓர் ஆள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். ஒன்று என் முன்னங்கை நீளம்கூட இல்லை. அதற்குள்ளேயே பற்றரி. பெயின்ட் உருண்டைகளை அதுவே தள்ளிக்கொடுக்கிறது, கையால் குலுக்க வேண்டியதில்லை. முகமூடிக்குள் ஆவி படியாமல் இருக்கச் சின்னதாக ஒரு விசிறி. பிள்ளைகளுக்கென்று வலிக்காத சிறிய உருண்டையும் வந்திருக்கிறதாம். அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அவன் விரல் போன இடமெல்லாம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. "குழாயக் கழட்டிக் காட்டுப்பா" என்று போனைப் பார்த்துச் சொல்லியும்விட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீங்கள் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கமாட்டீர்கள். இரண்டு அணியாகப் பிரிந்து, மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து, ஒருவரையொருவர் சுட வேண்டும். துவக்கிலிருந்து வருவது குண்டு இல்லை, பெயின்ட் நிரப்பிய உருண்டை. காற்றுச் சிலிண்டரின் வேகத்தில் வந்து மேலே பட்டு உடையும். பெயின்ட் பட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் விளையாடும் கண்ணாமூச்சி.

போனில் எல்லாம் தெரிந்தது, வாசம்தான் தெரியவில்லை. எங்கள் உருண்டைகளுக்கு ஒரு வாசம் உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியில் மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே மீன் எண்ணெய்க் குளிசை, அதே வாசம். ஒரு நாள் முழுக்கத் துவக்குத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் பூனைகள் என் பின்னால் வரும்.

ருவான்வெல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், பால் வற்றி, வெட்டி விழுத்துவதற்குக் காத்திருந்த கிழட்டு ரப்பர் மலை ஒன்று இருந்தது. வடக்கில் சண்டை நின்று, சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், ஆற்றில் படகு விட வந்த கொழும்புக்காரர் ஒருவர் அந்த மலையைப் பார்த்தார். மரம் வெட்டும் வரைக்கும் குத்தகைக்குத் தாருங்கள் என்று தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கி, பெயின்ட் துவக்கு விளையாட்டு நடத்தத் தொடங்கினார். ரொஷான் மாத்தயா என்று கூப்பிடுவோம், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நல்ல மனிதர். பால் வெட்டிக்கொண்டிருந்த என்னையும், என் மனைவியின் தம்பி செல்வத்தையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். செல்வத்தை எடுத்தது அவன் வாய்க்காக. கொழும்பு ஆட்களைச் சிரிக்கவைத்தே மலையேற்றிவிடுவான். என்னை எதற்கு எடுத்தார் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. நான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால்கூடச் சத்தமாகப் பதில் சொல்லாதவன். கணக்கப்பிள்ளை என்னை "ஊமைச்சாமி" என்பார்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஈரத்தில் அந்த உருண்டைகள் ஊதிப்போகும். ஊதிப்போனால் குழாய்க்குள்ளேயே உடையும். ஒரு பெட்டி முழுக்க அப்படியாகிவிட்டபோது செல்வம் யோசனை சொன்னான்.

"மச்சான், ரப்பர் ஷீட்டு ஈரமானா என்னா செய்றோம்? பொக வீட்டுல போட்டுக் காய வக்கிறோம். இதையும் போடுவோம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பரம்பரையாக ரப்பரில் கிடந்த எங்களுக்கு ஈரத்துக்கு வேறு வைத்தியம் தெரியாது. மறுநாள் காலையில் புகை வீட்டைத் திறந்தால் உருண்டைகளைக் காணோம். அந்த உருண்டைகளின் தோல் சூட்டில் உருகுமென்று யார் கண்டது? மஞ்சளும் நீலமும் சிவப்புமாகத் வருசப் பிறப்புக்குக் கிண்டும் தொதல் பலகாரக் கட்டி மாதிரி ஒன்று பெட்டியில் கிடந்தது. ரொஷான் மாத்தயா அதைத் தட்டிப் பார்த்து, "செல்வம், இத வருசப் பிறப்புக்கு வெட்டி வைப்போமா?" என்று சிங்களத்தில் கேட்டார். "மாத்தயா முதல்ல ஒரு துண்டு சாப்பிட்டுக் காட்டுங்க" என்றான் இவனும் சிங்களத்தில்.

அதற்குப் பிறகு உருண்டை, துவக்கு, முகமூடி எல்லாம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் வீட்டுக்கு வந்துவிட்டன. அடுப்படிச் சுவரை ஒட்டி ஈரம் ஏறாத மூலை ஒன்று எங்கள் காம்பராவில் இருந்தது.

முகமூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரொஷான் மாத்தயா என்னை மார்ஷல் ஆக்கினார். மார்ஷல் என்றால் நடுவர். யாருக்குப் பெயின்ட் பட்டது என்று பார்த்து "அவுட்" என்று கத்த வேண்டும். கொழும்பிலிருந்து வருகிற மனேஜர்மார், டாக்டர்மார், அவர்களைப் பார்த்து நான் கத்துவதா? முதல் நாள் ஒருவர் முதுகெல்லாம் பெயின்டோடு சுட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் பவ்வியமாக நடந்துகொண்டிருந்தேன். "மச்சான், குடை பிடிக்கிறீங்களா?" என்று கேட்டான் செல்வம்.

இரண்டாம் முறை ஆட்கள் வந்தபோது புது முகமூடிகள் வந்திருந்தன. பழையவற்றில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. புதியவற்றில் கண்ணாடி இரட்டைத் தட்டு. பளிச்சென்று தெரியும், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நம் முகம் தெரியாது. அதைப் போட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. என்னை யாரும் பார்க்கவில்லை. நான் யாரோ. "சேர், அவுட்! துவக்குவ பஹத் கரன்ன!" என்று ஒரு சத்தம் மலையில் எதிரொலித்தது. துவக்கைத் தாழ்த்துங்கள் என்று சிங்களத்தில் அர்த்தம். அந்தச் சத்தம் என்னுடையதுதான். ஒரு பெரிய கம்பனியின் தலைவர் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெளியே போனார். அதன் பிறகு என் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. முகமூடியைக் கழற்றினால் மறுபடி ஊமைச்சாமி.

சமாதானம் கெட்டுப்போன வருடம் புதிய துவக்குகள் வந்தன. அதுவரை எங்களிடம் இருந்தவை நீலமும் மஞ்சளும், தண்ணீர் பீச்சும் சாமான் மாதிரி. இவை கறுப்பு. நீளக் குழாய், தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை. வெளிநாட்டில் இப்போது பட்டாளத்துத் துவக்கு மாதிரி இருப்பதைத்தான் ஆட்கள் கேட்கிறார்கள் என்றார் ரொஷான் மாத்தயா. நன்றாக வேலைசெய்தன. தொழிலில் ஒரு புதுச் சாமான் வந்தால் உங்களுக்கும் கை பரபரக்கும், இல்லையா? எனக்கும் அப்படித்தான். அவற்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் சோறே மறந்து கிடந்தேன்.

அடுத்ததாக வந்தது ஆயுத பூஜை. எங்கள் லயத்து மாரியம்மன் கோயிலில் அன்று பால் வெட்டும் கத்தி, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, டிரைவருடைய ஸ்பேனர் எல்லாம் அம்மன் முன்னால் வாழையிலையில் வரிசையாகப் படுத்திருக்கும். சந்தனமும் குங்குமமும் வைப்போம். மறுநாள் விடியற்காலைப் பூஜை முடியும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்கள் ஆயுதம் அப்போது என்ன? கறுப்புத் துவக்குத்தானே. செல்வமும் நானும் கொண்டுபோய் வரிசையாக வைத்தோம். கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் ஒவ்வொன்றின் வாயிலும் தாராளமாகச் சந்தனம் அப்பினார். முகமூடிகளையும் வைப்போமா என்று கேட்டேன். "மூஞ்சி மூடி என்னைக்குடா ஆயுதமாச்சு?" என்றார். அவை வீட்டு ஆணியிலேயே தொங்கின.

ஒருவருக்கும் வேறு நினைப்பே வரவில்லை. அதுதான் வேடிக்கை. தெருவில் சந்திக்குச் சந்தி ஆர்மிக்குப் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த காலம். தமிழ் ஆட்கள் இருக்கும் லயத்துக் கோயிலில் கறுப்புத் துவக்குகளை வரிசையாக அடுக்கி விளக்கேற்றி வைத்திருக்கிறோம்.

பொழுது சாயும் முன்பு ஜீப் வந்துவிட்டது. பாண் ரொட்டி விற்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஒரு இன்ஸ்பெக்டர், கூடவே ஆர்மிக்காரர் சிலர். ஆண்களையெல்லாம் முற்றத்தில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். "மேவா காகேத?" இவை யாருடையவை என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்வமும் நானும் முன்னால் வந்தோம். பேசுவான் என்று செல்வத்தைப் பார்த்தேன். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். விசா வந்து, துணிமணி கட்டியாகிவிட்டது. பொலிஸில் ஒரு ராத்திரி அடைபட்டால் அந்தப் பயணம் போச்சு. அந்த நாட்களில் ஒரு ராத்திரி எத்தனை மாதமாகுமென்றும் சொல்ல முடியாது. என் மனைவி கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொஷான் மாத்தயாவுக்குப் போன் எடுக்கலாமென்றால் எங்கள் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

"ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்வம் என் சட்டையைப் பிடித்தான். "மச்சான், நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

நானா? எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அந்த நேரத்தில் என் கால் செய்த வேலைக்கு நான் பொறுப்பில்லை. யாரும் தடுக்கும் முன்பே விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள், வீட்டுக்குள்ளிருந்து கறுப்பு முகமூடியோடு ஒருவன் வந்தால் என்ன ஆகும்? ஒரு ஆர்மிக்காரப் பையன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே தூக்கினான். அது பெயின்ட் துவக்கில்லை. பெண்கள் கத்தினார்கள். எனக்குள் இருந்த மார்ஷல் அதைவிடச் சத்தமாகக் கத்தினான்: "துவக்குவ பஹத் கரன்ன!"

அந்தப் பையன் துவக்கைத் தாழ்த்திவிட்டான். அவனுக்கே ஏன் என்று தெரிந்திருக்காது. பழக்கமான கட்டளை அல்லவா!

விட்டால் அந்தச் சத்தம் போய்விடும் என்று, கைகளை மேலே தூக்கியபடி அதே சத்தத்தில் சிங்களத்தில் சொன்னேன். "சேர், மேவா செல்லம் துவக்கு. விளையாட்டுச் சாமான். கொழும்பு ஆட்கள் விளையாட வருவார்கள். இன்று எங்களுக்கு ஆயுத பூஜை. சுட்டுக் காட்டுகிறேன், என் மேலேயே."

இன்ஸ்பெக்டர் அம்மன் முன்னால் இருந்த துவக்குகளைக் காட்டினார். "கொண்டு வா" என்றார்.

அப்போது முனியாண்டி அண்ணன் குறுக்கே வந்தார். "விடியப் பூச முடியாம எடுக்கக்கூடாதுங்க ஐயா." அவருக்கு ஜீப்பைவிட அம்மன்மேல் பயம். அதைக் கேட்ட இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கோயில் படியில் ஏறி, "அப்படியானால் அந்தப் பூஜையை இப்போதே செய்" என்றார். முனியாண்டி அண்ணன் அம்மனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி அம்மனைப் பார்த்தார். "தாயே, இன்னைக்கு மட்டும் வெரசா விடிஞ்சிருச்சுன்னு வச்சுக்க" என்று மணியை எடுத்தார். அந்திவேளையில் விடியற்காலைப் பூஜை நடந்தது. இன்ஸ்பெக்டரும் கைகூப்பி நின்று திருநீறு வாங்கிக்கொண்டார்.

ஒரு துவக்கில் சிலிண்டரைப் பூட்டி, உருண்டை போட்டுச் செல்வத்தின் கையில் கொடுத்து, முற்றத்துப் பலாமரத்தடியில் போய் நின்றேன். அவன் குறி பார்த்தான். சுட்டான். வாயில் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து கிடந்ததை இருவருமே மறந்துவிட்டோம். உருண்டை உள்ளேயே உடைந்து, மஞ்சள் பெயின்ட் விசிறிப் போய் ஜீப்பின் கதவில் விழுந்தது.

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் நடந்து போய்க் கதவைத் தொட்டு, விரலை முகர்ந்தார். "மீனும் சந்தனமும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னொன்று."

குழாயைத் துடைத்துக் கொடுத்து, மறுபடி மரத்தடியில் போய் நின்றேன். செல்வம் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். என் நெஞ்சில் சரியாகப் பட்டது. பழக்கதோஷம், கையைத் தூக்கி, "அவுட்!" என்று கத்திவிட்டு, லயத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினேன். முதலில் சிரித்தது அந்த ஆர்மிக்காரப் பையன். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார்.

ஜீப்பைக் கழுவிக் கொடுத்தோம். துவக்குகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரொஷான் மாத்தயா மறுநாள் வந்து மீட்டார். செல்வம் சொன்ன நாளில் கட்டார் போனான். விமானத்தில் ஏறும்வரை அவன் கையில் அந்த மீன் வாசம் போகவில்லையாம்.

துவக்குகள் அதன் பின் லயத்துக்கு வரவில்லை. ரோட்டில் சோதனை கூடக்கூட ஆட்கள் வருவது நின்றது. விளையாட்டும் நின்றது. கிழட்டு மரங்களை வெட்டிவிட்டு இளங்கன்று நட்டார்கள். அதில் இப்போது பால் வெட்டுகிறார்கள். பலாமரம் ஒரு காற்றில் விழுந்தது. முற்றத்தில் சிந்திய பெயின்டை மழை அன்றைக்கே கழுவிவிட்டது, அது கழுவினால் போகிற பெயின்ட்தான். ரொஷான் மாத்தயா எங்கே இருக்கிறாரோ தெரியாது.

என் முகமூடி ரப்பர் பட்டி இற்று, பொடிப்பொடியாக உதிர்ந்துபோனது. மனைவி கூட்டித் தள்ளிவிட்டாள். அதற்கு மறுமாதம் லயத்துக் கூரை ஒழுகுவதைச் சொல்லத் துரையிடம் யார் போவது என்று ஆட்கள் கூடிப் பேசினார்கள். நான் போனேன். முகத்தில் ஒன்றும் போடாமல்தான் போனேன். காது சிவந்து, கால் கூசிக்கொண்டு நின்றது உண்மை. அந்தக் கூச்சம் இன்றும் இருக்கிறது. ஆனால் நாக்கை அண்ணத்தோடு ஒட்டவைக்கும் அந்தப் பழைய பயத்தைத் துரை பங்களா வாசலில் தேடிப் பார்த்தேன், இருக்கவில்லை. எப்போது வெளியே போனதென்று எனக்கே தெரியாது.