இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் ஒரு மைத்துனனும்

"இது கிழக்கு" என்று சொல்லி, டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினார் பூகோளம். குமிழி வரவில்லை. "கிழக்குல ஒண்ணும் இல்ல. வயல். அதைத் தாண்டினா இன்னொரு வயல்." டியூபை நகர்த்தி மறுபடி அமுக்கினார். "இது தெற்கு. தெற்குல நமக்கு ஒரு மலை இருக்கு."

சைக்கிளுக்குச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு மேடு இருந்தது. மேட்டின் மேல் ஓர் ஆடு நின்றது.

"ஆடு நிக்கறதால மலை சின்னதாத் தெரியுது. அது எறங்கட்டும், அப்புறம் பாருங்க" என்றார் பூகோளம்.

ஊருக்குள் நுழையும் இடத்தில், ஊர்ப்பெயர்ப் பலகையை ஒட்டி இருக்கிறது அவருடைய சைக்கிள் கடை. வெளியூர்க்காரர் யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் அவர் வாயைத் திறப்பார். டயரைப் பிரிக்கும்போது ஊரின் சரித்திரம். தொட்டியில் ஓட்டை தேடும்போது பூகோளம். ஒட்டுப் போட்டு, சொல்யூஷன் காய்கிற நேரத்தில் மக்கள்தொகை. இரண்டு ஓட்டை இருந்தால் பூகோளம் இரண்டு முறை. இது தெரிந்த பால்காரர், சக்கரத்தில் காற்றில்லாமலேயே பக்கத்து ஊர்வரை தள்ளிக்கொண்டு போய்விடுவார். டியூப் இல்லாத டயர்கள் வந்ததை எல்லாரும் தொழிலுக்கு நஷ்டம் என்றார்கள்; இவர் அதைக் கல்விக்கு நஷ்டம் என்றார்.

பூகோளம் என்ற பெயர் இந்தப் பாடத்தால் வந்ததா, தொப்பையால் வந்ததா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. அவருடைய மனைவி தொப்பைக் கட்சி.

சரித்திரம் சுருக்கமானது, அதை நீளமாகச் சொல்வதுதான் அவர் திறமை. "ஊரை உண்டாக்கினவர் இங்க வரணும்னு வரல. வேற எங்கயோ போய்க்கிட்டிருந்தார். நடுவழியில வண்டி அச்சு முறிஞ்சுது." இங்கே ஒரு நிறுத்தம் வைப்பார். "சரி பண்ற ஆள் வர்ற வரைக்கும் இருப்போம்னு உக்காந்தார். ஆள் வரல. கல்யாணம் ஆச்சு, குழந்தைங்க ஆச்சு, ஊரும் ஆயிடுச்சு. அந்தச் சரி பண்ற ஆள் நான்தான். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அதற்குப் பிறகு ஒரு போர் வரும். இரண்டு படைகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்து ஊராரிடம் வழி கேட்டனவாம். ஊரார் இரண்டுக்கும் வழி சொன்னார்களாம். அதற்கப்புறம் அந்தப் படைகளை யாரும் பார்க்கவில்லை. "இப்பவும் இந்த ஊர்ல வழி கேட்டா அதே கதிதான்" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

ஆறு மட்டும் அவருக்குத் தீராத மனக்குறை. அது பக்கத்து ஊர் எல்லையில் ஓடுகிறது. "தண்ணி அவங்களுது. சத்தம் நம்மளுது" என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கேட்கும்படி விருந்தாளியின் பக்கம் கையைக் காட்டுவார். கேட்காவிட்டாலும் கேட்கிறது என்று சொல்லிவிடுவதுதான் நல்லது.

மக்கள்தொகை பலகையிலேயே இருக்கும். முதல் இரண்டு எண்கள் பெயின்டில். கடைசி எண் மட்டும் சாக்பீஸில், ஏனென்றால் அது நிலையில்லாதது. யாராவது பிறந்தாலோ போய்ச் சேர்ந்தாலோ பூகோளம் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். துக்க வீட்டுக்கு அவர் சாக்பீஸ் விரல்களோடு வந்து நிற்பதை மட்டும் ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

இத்தனை கணக்கிலும் அவர் சேர்க்காத ஓர் ஆள் உண்டு. மனைவியின் தம்பி. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், வந்த அன்று பொழுதுபோகாமல் நட்ட மரக்கன்று இப்போது நிழல் தருகிறது. அந்த நிழலில் கட்டிலைப் போட்டுத்தான் அவன் படுக்கிறான். பூகோளத்தின் சட்டைகள் அவனுக்குப் பெரிது. அதை ஒரு குறையாக அவன் சொன்னதில்லை.

"என் தம்பியையும் சேர்த்து எழுதினா என்ன?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் பூகோளத்திடம் ஒரே பதில்தான். "அவனெல்லாம் ஒரு ஆளா?"

மைத்துனன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுப்பான். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊரில் பூகோளத்தின் சரித்திரத்தை இன்னும் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் அவன்தான். எத்தனையாவது தடவையானாலும், வண்டி அச்சு முறிகிற இடத்தில், கட்டிலிலிருந்து "அடடா!" என்று ஒரு குரல் வரும். பூகோளம் வைக்கிற நிறுத்தம் அதற்காகத்தான். அவர் அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. முந்நூறு பேருக்குக் குறைவான ஊர்களையெல்லாம் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறார்கள். பெயர்ப் பலகையும் போய்விடும். எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். பலகையிலோ இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

ஆற்றை வைத்திருக்கிறவர்களோடு சேருவதா! பூகோளத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவியின் கணக்குப்படி இரண்டாவது தடவை பரிமாறியது மட்டும் இறங்கவில்லை. படுக்கையில் கிடந்த பெரியவர் வீட்டுக்கு ஓடினார். "எண்ணி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க பெரியவரே. அப்புறம் உங்க இஷ்டம்." பெரியவருக்கு வந்த கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து தையல்காரர் வீடு. தையல்காரரின் மனைவிக்கு நிறைமாதம். வாசலில் நின்றுகொண்டே, "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. இடையில் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்ததால் மதியம் போகவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தையல்காரர் வீட்டில் வலி எடுத்துவிட்டது. பூகோளம் தலைகால் புரியாமல் கடை வாசலில் எல்லாருக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பார்த்து மனைவி, "குழந்தை வருதோ இல்லையோ, தம்பிதான் இருக்கானே. அவனைச் சேர்த்தா முந்நூறு ஆயிடுமே" என்றார்.

கூட்டத்தைக் கண்டால் நாக்கு நீளும் சுபாவம் பூகோளத்துக்கு. "இவனா? உலகத்துல கடைசி ஆள் இவன்தான்னாலும், இவனை விட்டுட்டு ஆளே இல்லன்னு எழுதுவேன். இவனெல்லாம் ஒரு ஆளா?"

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. கட்டிலை மடக்கி ஓரமாக வைத்தான். பையை எடுத்துக்கொண்டான். அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் பலகையைத் தாண்டிப் போய், பஸ் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைய பஸ் போய்விட்டிருந்தது; அடுத்தது மறுநாள்தான். கொட்டகை கடைக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் என்பதால் அது பக்கத்து ஊர். அக்கா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். சாப்பிட்டான், திரும்பி வரவில்லை, அங்கேயே தூங்கினான்.

தையல்காரர் வீட்டு வலி பொய்வலி. குழந்தை வருகிற யோசனையில் இல்லை.

மறுநாள் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். வாட்டசாட்டமான பெண்மணி, சிரிக்காத முகம். வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்போது, சரியாகக் கடை வாசலில், பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. ஆணி எப்படி அங்கே வந்தது என்பது பற்றியும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. மனைவி எந்தக் கட்சி என்று சொல்லவேண்டியதில்லை.

பூகோளம் டயரைப் பிரித்தார். "ஊரை உண்டாக்கினவர் இங்க வரணும்னு வரல மேடம். நடுவழியில வண்டி அச்சு முறிஞ்சுது." நிறுத்தினார்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மர நிழல் காலியாக இருந்தது. பூகோளம் இன்னும் சற்று நிறுத்திப் பார்த்தார். பிறகு மீதிச் சரித்திரத்தைச் சொல்ல மனம் வரவில்லை. அவர் வாழ்நாளில் பாதியில் விட்ட முதல் சரித்திரம் அது.

"இருநூத்தித் தொண்ணூத்தொன்பது" என்றார் அதிகாரி. "ஒரு ஆள் கொறையுது. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு."

"ஒரு ஆள் இருக்கான் மேடம்" என்றார் பூகோளம், டயரைப் பார்த்துக்கொண்டு. "அதோ, கொட்டகையில."

"நேத்து ராத்திரி எங்க தூங்கினார்?"

"அங்கதான்."

"அப்ப அவர் பக்கத்து ஊர் கணக்கு. ராத்திரி ஊர் எல்லைக்குள்ள தூங்கியிருக்கணும், அவ்வளவுதான் சட்டம்."

"எல்லைன்னா எது மேடம்?"

"பலகை எங்க இருக்கோ அதுதான் எல்லை. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதியிருக்கு."

பூகோளம் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். கடைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். அதிகாரி எழுந்து நின்றார். எங்கே போவது? சக்கரம்தான் கழன்று கிடக்கிறதே! அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையின் அடியில் நாலு குத்து விழுந்தது. பலகையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு, தொப்பை குலுங்கக் கொட்டகையைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் குழி தோண்டி நட்டார்.

"இதெல்லாம் அநியாயம்" என்றார் பின்னாலேயே வந்த அதிகாரி. ஆனால் அவர் முகத்தில் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு கசிந்துகொண்டிருந்தது. "பக்கத்து ஊர்க்காரங்க கேட்டா?"

"அவங்ககிட்ட ஆறே இருக்கு மேடம். ஒரு கொட்டகை போனா கொறஞ்சா போயிடுவாங்க?"

அதிகாரி கொட்டகைக்குள் குனிந்து பார்த்தார். "தம்பி, நீங்க எந்த ஊர்? நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

மைத்துனன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. "ஊரெல்லாம் அப்புறம் மேடம். நான் ஒரு ஆளான்னு மொதல்ல அவர்கிட்ட கேளுங்க."

அதிகாரி பூகோளத்தைப் பார்த்தார். பின்னாலேயே கூடிவிட்ட ஊரும் பார்த்தது. பஸ் வந்து நின்றது. டிரைவர், பலகை இடம் மாறி நிற்பதைக் கண்டு, தான்தான் ஊரைத் தாண்டி வந்துவிட்டோமோ என்று குழம்பினார்.

பூகோளம் சட்டைப் பையில் கைவிட்டார். சாக்பீஸ் வந்தது, அதைத் திரும்பப் போட்டுவிட்டு, டியூபைச் சுரண்டுகிற அரத்தை எடுத்தார். பலகையில் இத்தனை காலமாக யாரும் தொடாத பெயின்ட் எண்ணின் மேல், முதலில் இருந்த இரண்டின் மேல், அதை வைத்துச் சரக் சரக்கென்று சுரண்ட ஆரம்பித்தார். வெள்ளைப் பொடி அவர் தொப்பை மேல் உதிர்ந்தது. இரண்டு போய், அடுத்த ஒன்பதில் பாதி போனபோது, புதுக் குழியில் சரியாக இறுகாத பலகை ஆடியது.

"அடடா!" என்றது ஒரு குரல்.

மைத்துனன் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "பாத்து மாமா. ஊர் பேரையும் சேத்துச் சொரண்டிடப் போறீங்க."

பூகோளம் அவனைப் பார்க்காமல், அரத்தை நிறுத்தாமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மைத்துனன் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடியே, கடைசியில் சாக்பீஸில் இருந்த ஒன்பதை மறுகையின் உள்ளங்கையால் அழித்தான்.