பத்தாவது வேட்டு

தீவில், மரைன் ஹில் சரிவில் ரோடு வெட்டிய காலத்தில், பாறைக்கு வேட்டு வைக்கச் சேலத்துப் பழனிசாமியை விட்டால் ஆள் கிடையாது. பத்துக் குழியில் மருந்தைக் கெட்டித்து, வாயில் புகைகிற பீடியாலேயே பத்துத் திரியையும் பற்றவைப்பான். பிறகு மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் மாதிரி நடந்து வருவான். முதுகுக்குப் பின்னால் மலை வெடிக்கும். "ஓடுய்யா" என்று பதறிய ஒருவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அடிக்கிற கை அப்படி.

ஒரு நாளைக்கு முப்பது வேட்டு. கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அறுபத்திரண்டு ஆவணியில் அவன் மனைவி நீலாவதி பெண் பெற்றாள். பழனிசாமிக்கு வந்தது பாருங்கள் பயம்! திரியை முழ நீளம் கூட்டி வெட்டினான். பற்றவைத்ததும் தலைதெறிக்க ஓடினான். வெடிச் சத்தத்தை விரல் விட்டு எண்ணினான். ஒன்று குறைந்தாலும் அரைமணி நேரம் யாரையும் உள்ளே விடமாட்டான். அது சர்க்கார் சட்டந்தான். அத்தனை வருஷமும் அவனே காற்றில் பறக்கவிட்ட சட்டம். முப்பது வேட்டு பதினாறாகக் குறைந்தது.

"புள்ள பெத்தது நீயா, ஒன் பொண்டாட்டியா?" என்று ஒருவன் கேட்டான். பயம் வந்ததே தவிர கை அடங்கவில்லை. கேட்டவன் மூக்கு உடைந்தது.

ஜம்புலிங்கம் கடைசியாகச் சொல்லிவிட்டார். "இஞ்சினீயர் சாப் சாயங்காலம் வர்றாரு. அதுக்குள்ள பாறை விழுந்து கல்லு அள்ளியாகணும். இல்லேன்னா அடுத்த கப்பல்ல குடும்பத்தோட மெயின்லேண்ட் போயிரு."

மெயின்லேண்டில் அவனுக்கு ஒண்ட ஓர் ஓலைக்கூரை இல்லை. பத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து எண்ணினான். ஒன்பதுதான் வெடித்தது.

"உதயசூரியா, ஜல்தி ஜாவ். போய்ப் பாரு" என்றார் ஜம்புலிங்கம். உதயசூரியனும் வேட்டு வைக்கிறவன்தான். பழனிசாமியின் இடத்தின்மேல் கண் வைத்திருந்தவன்.

"அரைமணி ஆவட்டும்" என்று பழனிசாமி மறித்தான்.

"ஒனக்குத்தான் பொண்ணு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

பழனிசாமி விட்ட அறையில் உதயசூரியன் உதடு கிழிந்தது. எழுந்தவன் தலையால் முட்டினான். ஜம்புலிங்கத்தின் குடைக்கம்பி பழனிசாமியின் மண்டையில் இறங்கியது. கண்ணில் ரத்தம் வழிய அவன் தடுமாறுவதற்குள் உதயசூரியன் பாறையை நோக்கி ஓடினான். கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு துரத்திய பழனிசாமி, முழங்காலுக்குக் கீழே பார்த்து வீசினான். காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி எலும்பு முறிந்தது.

"கொல்றான், கொல்றான்" என்று ஆட்கள் பாய்ந்தார்கள். இடுப்பில் உதை, கழுத்தில் குத்து. பழனிசாமி உதயசூரியன்மேல் குப்புறக் கவிழ்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். உதைத்தும் விடவில்லை.

அப்போதுதான் பத்தாவது வெடித்தது.

உதைத்தவர்கள் சிதறினார்கள். பறந்து வந்த கற்கள் பழனிசாமியின் விலாவில் மூன்று எலும்பை முறித்தன. பாறை விழுந்தது, வேலையும் அன்றைக்கே போயிற்று. முதலாளியை எதிர்த்து நின்றவனை வைத்துக்கொள்ள ஜம்புலிங்கம் என்ன பைத்தியமா?

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, உதயசூரியனிடம் காலை உடைத்தது யார் என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் பழனிசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"கல்லு விழுந்துச்சு சார்" என்றான் உதயசூரியன்.

போலீஸ்காரர் போன பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "பாவி, ஒன் பொண்ணக் கொண்டாந்து காட்டு. யாருக்காக நீ என் காலை ஒடச்சேன்னு நான் பாக்கணும்."