மகள் குளித்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாதம். கோவையில் எங்கள் வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்காக மகளை அழைத்து வந்திருந்தேன். எட்டாவது மாதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே, காற்றில் நிற்காதே என்று அவளைப் படுத்தி எடுத்தேன்.

எங்கள் குளியலறைக்குள், வெந்நீருக்கு, கேஸ் கீசர் மாட்டியிருந்தோம். குழாயைத் திறந்தால் டக் டக்கென்று பொறி தட்டித் தானே பற்றிக்கொள்ளும். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வழியே வந்த காற்றில் தீ அடிக்கடி அணைந்துபோனது. தலை நிறைய நுரையோடு, "அம்மா, பச்சத்தண்ணி வருது!" என்று மகள் கத்துவாள். மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் பச்சைத்தண்ணீரும் ஆகாது, காற்றும் ஆகாது. விடுவேனா நான்? ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் டேப் போட்டு இறுக்கி அடைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. தீ அணைவது நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு செவ்வாய், வெள்ளி வந்தால் மகளுக்குத் தலைவலி. அந்த இரண்டு நாளும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, நிதானமாகத் தலைக்குக் குளிப்பாள். கூடவே தலைச்சுற்றலும் வந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டு, நான் எண்ணெயை மாற்றினேன். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது!

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை கீசர் பற்றவே மாட்டேனென்றது. நாலு தடவை குழாயை மூடித் திறந்த பிறகு குப்பென்று பிடித்தது. மகளைக் குளிக்க விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் உக்கடத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக். அதற்குமுன் அவரைப் பார்த்ததுகூட இல்லை; பக்கத்து வீட்டில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் வீடு எது என்று சொன்னதும் புரிந்துகொண்டார்.

"கீசர்ல பொறி தட்டுற பேட்டரி வீக்கா இருக்கும்னு நெனைக்கிறேங்க. பத்துறதுக்குத்தான் லேட்டாகுது. பத்திட்டா நல்லா பெருசா எரியுதுங்க" என்றேன்.

"தீ என்ன கலர்ல இருக்குதுங்க?"

"நல்ல மஞ்சளா, தளதளன்னு எரியுதுங்க."



"ஏனுங்கம்மா, இப்ப உள்ள ஆரும் குளிக்கிறாங்களா?"

"பொண்ணு குளிக்கிறாளுங்க. மாசமா இருக்கறா."

"போனை வெச்சுப்போட்டு ஓடுங்க! மொதல்ல புள்ளைய வெளிய கூப்புடுங்க. கேஸை மூடிப்போட்டு கதவு ஜன்னலெல்லாம் தொறந்து உடுங்க. நான் வாரேன்."

ஓடினேன். கதவைத் தட்டினால் பதிலில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "கண்ணு, கதவைத் தொற சாமி!" என்று இரண்டு கையாலும் அடித்தேன். என் உயிர் என்னிடம் இல்லை. கடைசியில் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே என் மேல் சரிந்தாள்.

கேஸை மூடிவிட்டு, அவளுக்கு ஒரு புடவையைச் சுற்றி வாசலில் கிடத்தி விசிறிக்கொண்டிருந்தபோதே மெக்கானிக் வந்துவிட்டார். கீசரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனார். அங்கே மகளுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மூடிய அறையில் காற்று போதாமல் கேஸ் எரிந்தால் விஷவாயு வருமாம், அதற்கு வாசனையே கிடையாதாம். வயிற்றில் கருவி வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுவதுபோல் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். மருமகன் வந்ததும், "மாப்பிள்ளை, அட்டைய ஒட்டுனது நான்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் திரும்ப வந்தார். கீசரைக் கழற்றி, குளியலறைக்கு வெளியே காற்றாடும் இடத்தில் மாட்டினார். கரி அடைத்திருந்த பர்னரைச் சுத்தம் செய்து பற்றவைத்தபோது தீ நீலமாக நின்றது. போனிலேயே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எரியலைன்னுதானுங்க எல்லாரும் கூப்புடுவாங்க. காத்து பத்தாம எரிஞ்சாத்தான் தீ மஞ்சளாகுமுங்க. நீங்க மஞ்சளா நல்லா எரியுதுன்னு சந்தோசமா சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பக்குன்னு ஆயிருச்சுங்க" என்றார்.

அடுத்த மாதமே பேத்தி பிறந்தாள், மூன்று கிலோ, ஊரைக் கூட்டும் குரல். 'சாயங்காலம் வந்து பார்க்கிறேன்' என்று அவர் போனை வைத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இன்னொரு கேள்வி கேட்டதால்தான் என் வீட்டில் இன்று அந்தக் குரல் கேட்கிறது.