செம்பைக் காட்டும் காகிதம்

மலேசியாவின் செனாயில் எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் கோலம் இருக்காது. குழாய்த் தண்ணீரை வடிகட்டும் எவர்சில்வர் உருளை ஒன்று நிற்கும். எங்கள் வாடகை வீட்டில் மட்டும் அதுவும் இல்லை. வந்த நாள் முதல் அந்தத் தண்ணீர்மேல் எனக்குச் சந்தேகம். ஏழு மாத மகள் பாலைக் கக்கத் தொடங்கியதும் அது வளர்ந்தது. டாக்டர் சொன்னபடி பால்மாவை மாற்றினேன். வாந்தி நிற்கவில்லை.

திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தபோது என் ஆய்வு ஒரு சேர்மத்தைப் பற்றியது. தண்ணீரில் கரைந்த செம்பு பட்டால் அது புறஊதா ஒளியில் மின்னும். அதைத் தோய்த்த காகிதப் பட்டைகளும் ஒரு சிறிய புறஊதா டார்ச்சும் ஒரு டப்பாவில் இருந்தன. படித்ததில் என்னோடு விமானம் ஏறியது அவ்வளவுதான். இரவே பிடித்துவைத்துக் காய்ச்சிய, மகளின் பால் பாட்டில் தண்ணீரில் ஒரு பட்டையை நனைத்து டார்ச் அடித்தேன். ஆரஞ்சாக எரிந்தது.

வீட்டுக்காரர் ஸ்டெல்லா ஆண்டி பக்கத்து வீடு. கேட்டைத் திறக்காமலே பேசினார்.

"ஆண்டி, உங்க பைப்புல செம்பு கலந்து வருது. பாப்பா வாந்தி எடுக்கறா."

"அலமாக், டார்ச் அடிச்சுக் கண்டுபிடிச்சீங்களா? என் மூணு பிள்ளைங்களும் இந்தத் தண்ணியிலதான் வளர்ந்தாங்க. ஊர்ல லாரி பின்னாடி கொடத்தோட ஓடினவங்க, இங்க வந்து குறை சொல்றீங்க லா."

ஓடியிருக்கிறேன். அதனால்தான் சுட்டது. வரிசைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மின்னிய பட்டையின் படத்தைப் போட்டேன். மாலைக்குள் யாரும் என் முகம் பார்க்கவில்லை. "பிடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கலாம்" என்று ஆண்டி எழுதினார். "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர்.

ஆதாரத்தை உறுதியாக்க, மறுநாள் ஒவ்வொரு குழாயிலும் பட்டையை நனைத்தேன். எதுவும் மின்னவில்லை. குழாய்க்கும் பாட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒன்றுதான்: அம்மா கொடுத்தனுப்பிய செப்புக் குடம். இரவெல்லாம் அதில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்பார். புளி போட்டுப் பளபளவென்று துலக்கியது நான்தான். அதில் நனைத்த பட்டை எரிந்தது. எதையும் சோதிக்கும் முன் குழாய்த் தண்ணீரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் பாடம். எனக்கு அது ஏன் தோன்றவில்லை? சந்தேகம் வேறொருவர் வீட்டை ஏற்கெனவே காட்டிவிட்டிருந்தது.

குடத்தை நிறுத்தி மூன்று நாள். மகள் கக்கவில்லை. குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எல்லோரும் படித்ததோடு சரி.

அம்மா வீடியோவில் வந்தார். "செம்புத் தண்ணிதானே குடுக்கற?"

காலிக் குடத்தை அவர் கண்ணில் படும்படி நகர்த்தினேன். "ஆமாம்மா" என்றேன், ஸ்டெல்லா ஆண்டியின் குழாயில் கெட்டிலை நிரப்பிக்கொண்டே.