தங்கச்சியின் மலையும் என் வயிற்றெரிச்சலும்

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை, காலை 5.10. பலெர்மோவின் பொலிதேயாமாச் சதுக்கத்தில் விமான நிலையப் பேருந்தில் ஏறும்போதே எனக்கு யப்பானில் இருக்கிற தங்கச்சி மேல் எரிச்சல் தொடங்கிவிட்டது. அவள் பாவம், ஒன்றும் செய்யவில்லை. "அக்கா, இஞ்சை கீழை பூ, மேலை மலையிலை பனி. ரெண்டுக்கும் உடுப்புக் கொண்டு வாங்கோ" என்று குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். இரண்டு பருவத்துக்கும் உடுப்பு வைத்திருக்கிற ஆள் மாதிரியா நான்? சீசா என்ற பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இருப்பதே ஒரு அலுமாரி. நான் போட்டிருந்த தடித்த கோட்டு, நான் வேலை செய்கிற வீட்டு எசமானி, சிஞோராவின் மருமகளுக்கு இறுக்கமாகிப் போனதால் எனக்கு வந்தது.

பயணச்சீட்டு ஒருவருக்கு ஆறரை யூரோ, தூரம் முப்பத்தைந்து கிலோமீற்றர். என் கணவர் வழியனுப்ப வந்து கையசைத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போனார். கால்சா பகுதியில் ஒரு உணவகத்துச் சமையலறையில் நிற்கிறவருக்கு ஈஸ்டர் நேரத்தில் லீவு எங்கே கிடைக்கும்? ஆகவே நானும் மகள் அபியும் மட்டும். ஈஸ்டர் விடுமுறையோடு இன்னும் நாலு நாள் சேர்த்து எடுத்திருந்தோம்.

அபிக்கு வயது பதின்மூன்று. ஒரு வருடமாக என்னோடு அவள் கதைப்பது "ஓம்", "இல்லை", "பசிக்கேல்லை" மட்டும்தான். ஆனால் யப்பானில் இருக்கிற சித்தியோடு என்றால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பாள். சிரிப்புச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். நான் கதவைத் தட்டினால் சிரிப்பு நின்றுவிடும். இதை வாசிக்கிறவர்களுக்கு நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மலையும் பனியும் எனக்கு இரண்டாம் பட்சம். கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிற என் பிள்ளையை என் பக்கம் இழுத்து வரத்தான் நான் யப்பானுக்குப் போனேன்.

ஞாயிறு, மாலை 3.40. ரோமில் மாறி, பதின்மூன்று மணித்தியாலம் பறந்து, தோக்கியோவில் அதிவேக ரயில் ஏறி இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஓடி, தொயாமாவில் இறங்கினோம். ரயிலுக்கு மட்டும் ஆளுக்கு ஏறக்குறையப் பதின்மூவாயிரம் யென். யப்பான் என்றால் ஊரில் எல்லாரும் தோக்கியோவைச் சொல்வார்கள், கியோத்தோவைச் சொல்வார்கள். தொயாமாவை யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வானத்தை மறைக்கிற மலை, நடுவில் வயல். ரயில் நிலையத்துக்குள்ளேயே ட்ராம் வந்து நிற்கிறது. யாரும் தள்ளவில்லை, யாரும் கத்தவில்லை. எங்கள் பலெர்மோ மத்திய நிலையத்தை நினைத்தேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

தங்கச்சி தர்சினி வாசலில் நின்றாள். என்னைவிட ஏழு வயது இளையவள். அபி பெட்டியை என் காலடியில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். அந்தப் பெட்டி என் பெருவிரலில் விழுந்தது.

"அக்கா, மெலிஞ்சு போனியள்!" என்றாள் தர்சினி.

"நீ மெலியேல்லை" என்றேன். அதிலே எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அவளுடைய கணவர் ரமணன் துறைமுகத்துப் பக்கம் பழைய கார்கள் ஏற்றுமதி செய்கிற இடத்தில் வேலை. அமைதியான பிள்ளை. இருபது நிமிடம் காரில் போனோம். வயல்களுக்கு நடுவில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, தன் தன் மரங்களோடு நிற்கிறது. வயல்களுக்கு அப்போதுதான் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீரில் பனி மலை தலைகீழாகத் தெரிந்தது. "ஒக்டோபரிலை வந்திருக்கோணும், அக்கா, அந்த மலை முழுக்கச் சிவப்பு" என்றாள் தர்சினி. சிறிது தூரம் போனதும், "மாசியிலை வந்திருந்தால் வீட்டுக் கூரை வரைக்கும் பனி" என்றாள். எங்களுக்கு வெயிலும் ஆபிரிக்காவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிற சூட்டுக் காற்றும் இருக்கிறது, இவளுக்கு நாலு பருவமும் வாசலில் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவளும் நானும் செய்வது ஒரே வேலை. நானும் வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறேன், அவளும் குளிப்பாட்டுகிறாள். அவளுடைய முதியோர் இல்லத்தில் இளநீல உடுப்பு, பெயர் எழுதிய அட்டை, வருடத்தில் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து சுற்றுலா. எனக்கு சிஞோராவின் பழைய ஏப்ரன்.

அன்று மாலை ஆறு மணிக்கு அந்தக் கோதாரி நடந்தது. விருந்தாளிதான் முதலில் குளிக்க வேண்டும் என்று தர்சினி என்னைக் குளியலறைக்கு அனுப்பினாள். தொட்டிக்கு வெளியில் ஒரு முக்காலியில் இருந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் ஆழமான தொட்டியில் இறங்க வேண்டும். அதெல்லாம் சரியாகச் செய்தேன். கழுத்து வரை சுடுநீர், யன்னலுக்கு வெளியே மலை. எழுந்து வெளியே வந்ததும் கை சும்மா இருக்குமோ? பதினெட்டு வருடப் பழக்கம். ஒரு வீட்டுக் குளியல் தொட்டியை அழுக்கோடு விட்டுவிட்டு வந்த நாள் என் வாழ்க்கையில் இல்லை. அடைப்பை இழுத்து, தண்ணீரை எல்லாம் போக விட்டு, பஞ்சு எடுத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, கண்ணாடி போல ஆக்கிவிட்டு வெளியில் வந்தேன்.

தர்சினி எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா! தண்ணியைத் திறந்து விட்டிட்டியளே?"

"பின்னை? நான் குளிச்ச தண்ணி."

"இஞ்சை எல்லாரும் அதே தண்ணியிலைதான் இறங்கிறது. அதுக்குத்தானே முதல் கழுவிறது. அவர் குளிக்கிறதுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"ஒருத்தர் குளிச்ச தண்ணியிலை இன்னொருத்தரோ? சீ! நீயும் இறங்குவியோ?"

"ஓம்" என்றாள், மிகச் சாதாரணமாக.

தொட்டி திரும்ப நிரம்பிச் சூடாக அரை மணித்தியாலம் எடுத்தது. ரமணன் தோளில் துவாயோடு நின்றுகொண்டு, "பரவாயில்லை, அக்கா, இவ்வளவு வெள்ளையா நான் இந்தத் தொட்டியைக் கண்டதேயில்லை" என்றார். அபி சுவரில் சாய்ந்து சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்துக் கன நாளாகிவிட்டது, அதனால் அதைக்கூட நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய், காலை 8.00. தத்தெயாமா மலைக்குப் போனோம். அடிவார நிலையம் 475 மீற்றர் உயரம். அங்கே கீழே பூக்கள் உதிர்ந்து, இளம் பச்சை இலை வந்திருந்தது, வியர்த்தது. கயிற்றில் இழுக்கிற ரயில் ஏழு நிமிடத்தில் 977 மீற்றருக்குத் தூக்கிப் போகிறது. அங்கே இறங்கினால் மொட்டு மட்டும்தான், மர நிழலில் அழுக்குப் பனி. பிறகு பேருந்தில் இருபத்து மூன்று கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். பெரிய பெரிய சீடர் மரங்கள், பிறகு இலையில்லாத மரங்கள், பிறகு மரமே இல்லை. 2,450 மீற்றரில் முரோதோ என்ற இடத்தில் இறங்கியபோது முழுப் பனிக்காலம். வசந்தத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்டு, மார்கழியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நின்றோம்.

பேருந்துப் பாதையின் இரண்டு பக்கமும் பனியை வெட்டிச் சுவராக விட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பதினாலு மீற்றர் உயரம் இருக்கும் என்று ரமணன் சொன்னார். சுவரில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தது, ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு பனிப் பொழிவாம். சனங்கள் விரலால் தங்கள் பெயரை எழுதுகிறார்கள். அபி எழுதினாள்: கீழே "சித்தி", பக்கத்தில் "அபி". அம்மா என்று எழுதவில்லை. நான் படம் எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் கண்டேன். அபி முகத்தைச் சுருக்கிக்கொண்டு சித்தியின் காதில் ஏதோ சொன்னாள். தர்சினி தன் பையைத் திறந்து, பூப்போட்ட சின்னப் பை ஒன்றை எடுத்து, யாரும் காணாதபடி அவள் கைக்குள் வைத்தாள். பிள்ளை கழிவறைப் பக்கம் போனாள். எவ்வளவு பழகிய கை அசைவு! ஒரு கேள்வி இல்லை, ஒரு பதட்டம் இல்லை. இது முதல் தடவை இல்லை என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

என் பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள். என் வீட்டில், என் கண் முன்னால். எனக்குத் தெரியாது, தங்கச்சிக்குத் தெரியும். வயிறு பற்றி எரிந்தது. தேநீர்க் கடையில் எனக்கு வாங்கித் தந்த அறுநூறு யென் நூடில்ஸை நான் தொடவில்லை.

புதன், பகல் 12.30. உனாசுக்கி என்ற ஊர். தொயாமாவிலிருந்து சிறிய மின்சார ரயிலில் ஒன்றே முக்கால் மணித்தியாலம், பள்ளத்தாக்கின் வாயில். வெந்நீர் ஊற்று ஊர் அது. காலை மட்டும் நனைக்கிற பொதுத் தொட்டி ஒன்று தெருவோரம் இருக்கிறது, காசு கிடையாது. அபியும் தர்சினியும் களிசானை முழங்கால் வரை மடித்துக் காலை விட்டுக்கொண்டு தலையோடு தலை வைத்துக் கதைத்தார்கள். நான் கிட்டப் போனதும் நிறுத்தினார்கள். சீசாவில் கதவுக்குப் பின்னால் நிற்கிற அதே மௌனம். அபி எழுந்து, "ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வாறன்" என்று போய்விட்டாள். நான் சப்பாத்தைக் கழற்றித் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எப்பவாம்?" என்று கேட்டேன்.

அவள் நடிக்கவில்லை. "நாலு மாசம், அக்கா. கிறிஸ்மஸ் லீவிலை."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கே போன் எடுத்தவள். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அழுதவள். உங்களுக்குச் சொல்லு சொல்லு எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

"பெத்தவள் பக்கத்து அறையிலை இருக்கேக்கை உனக்கேன் போன்? எனக்கெல்லோ முதல் சொல்லோணும்! தாய் நானோ, நீயோ?"

பக்கத்தில் இருந்த யப்பானியக் கிழவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு மரியாதையாக எழுந்து போனார்.

"அவளுக்குப் பயம். நீங்கள் ஹோல் எடுத்து, வீடியோக்காரரைப் பிடிச்சு, பலெர்மோவிலை இருக்கிற தமிழ்ச் சனம் எல்லாத்தையும் கூப்பிட்டு சாமத்தியவீடு செய்வியளாம். வகுப்புப் பிள்ளையள் படத்தைக் காணுவினமாம். அவள் செத்துப் போவாளாம்."

அது பொய்யில்லை. எந்த மண்டபம், எத்தனை தட்டு, எந்த நிறச் சேலை, எல்லாம் என் மனதுக்குள் எப்போதோ முடிந்துபோன காரியம். பல்லக்கில் தூக்கி வருகிறதா, குதிரை வண்டியா என்பது மட்டும்தான் பாக்கி.

"உனக்கு எவ்வளவு வடிவாச் செய்தது" என்றேன். "நீ சிவப்புச் சேலையோடை மணவறையிலை இருந்தனி. நான் ஆலாத்தித் தட்டுப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"நான் முழுநாளும் அழுதனான், அக்கா. படத்திலை பாருங்கோ, ஒண்டிலும் சிரிக்கேல்லை."

"எனக்கு அழவாவது ஒருத்தரும் இடம் தரேல்லை." அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் பெரியபிள்ளையானது இடம்பெயர்ந்து ஓடிய கிழமை. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், பதினாறு குடும்பத்துக்கு நடுவில், அம்மா ஒரு பழைய சீலைத் துண்டைக் கிழித்துத் தந்துவிட்டு, "சத்தம் போடாதை" என்றார். அதோடு முடிந்தது. பிறகு சண்டை ஓய்ந்த காலத்தில் தங்கச்சிக்கு ஊரைக் கூட்டிச் செய்தார்கள். அன்றைக்கு நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்து எரிந்தது தர்சினிக்குத் தெரியாது. இப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

தர்சினி தன் காலால் என் காலைத் தண்ணீருக்குள் தட்டினாள். "நீங்கள் அவளுக்குச் செய்யப் பாக்கேல்லை, அக்கா. உங்களுக்குச் செய்யப் பாக்கிறியள்" என்றாள். கோபம் வந்தது. ஏனென்றால் அது சரி. தங்கச்சி சரியாகச் சொல்வதைப்போல எரிச்சல் வேறொன்றும் இல்லை.

அபி மூன்று ஐஸ்கிரீமோடு வந்தாள், ஒன்று நானூற்றைம்பது யென். எங்கள் பலெர்மோவில் பாதி விலைக்கு இரண்டு மடங்கு கிடைக்கும், ருசியும் கூட. அதிலே மட்டும் நாங்கள் வென்றோம்.

அடுத்த திங்கள், காலை 9.20. தொயாமா நிலையம். கீழே வயல்களில் தண்ணீர் நிறைந்துவிட்டது, நாற்று நடுகிற யந்திரங்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. வந்தபோது வசந்தம், போகும்போது கோடையின் வாசல். தர்சினியும் அபியும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ரமணன் எனக்குக் குளியலறை கழுவுகிற பஞ்சு ஒரு பொட்டலம் பரிசாகத் தந்தார், நல்ல சாமான், கையை எரிக்காது.

ரயில் சுரங்கத்துக்குள் போனது. அபி யன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும், அபி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "சித்தி சொன்னவவோ?"

"இல்லை. மலையிலை நானே கண்டனான்."

எனக்குத் திட்டவும் இருந்தது, அழவும் இருந்தது. "ஹோல் எடுக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னேன். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதை."

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தது. பிள்ளை என் பக்கம் நகர்ந்து, தோளில் தலையைச் சாய்த்தாள். ஒரு வருடமாகச் சாயாத தலை, அவ்வளவு பாரம் என்று நான் மறந்தே போயிருந்தேன்.

"அம்மா."

"ம்."

"சேலை கட்ட எனக்கு விருப்பம்தான். சிவப்பு. வீட்டிலை, கதவைப் பூட்டிப்போட்டு. நீங்களும் ஒண்டு கட்டுங்கோ, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையெண்டு சித்தி சொன்னவ. ரெண்டு பேரும் படம் எடுப்பம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "சித்திக்குச் சொல்லாதேங்கோ. நான் ஒண்டும் வேண்டாம் எண்டு நிக்கிறன் எண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா."

பத்து நிமிடத்தில் தர்சினியிடமிருந்து செய்தி வந்தது. "என்ன அக்கா, பிள்ளை கதைச்சவளோ? என்ன சொன்னவள்?"

அபி நித்திரையாகிவிட்டாள். தோளை அசைக்காமல் ஒற்றைக் கையால் பதில் எழுதினேன்: "ஒண்டுமில்லை. மலை நல்ல வடிவாம்."