சுருளியாண்டியின் அருணாக்கொடி

மொக்கம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் சுருளி மலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அருவித் தண்ணீர் தெளித்து, சாமி முன்னால் வெள்ளி அருணாக்கொடி ஒன்றை அதன் இடுப்பில் கட்டினாள். பெயரும் சுருளியாண்டி. பையன் வளர வளர, கொடி இடுப்பில் கிடந்தபடியே தட்டான் கண்ணி சேர்த்துக் கொடுத்தான். ஆம்பளைக்கு அதை அறுப்பது செத்த பிறகுதான் என்பது ஊர் வழக்கம்.

அவள் வீட்டுக்காரர் நல்லகண்ணு வரப்புத் தகராறுக்காக உத்தமபாளையம் கோர்ட்டில் வருஷக்கணக்காக நின்றவர். தோற்றதைவிட நின்றதுதான் அவருக்கு வலித்தது. நாற்காலியில் உட்காரும் வக்கீல் ஒருவன் தன் வீட்டிலிருந்து வந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார். 1938இல் சுருளியாண்டி பள்ளி இறுதியில் தேறியதும் மதுரைக்கு அழைத்துப்போய்க் காலேஜ் பெரியவர் முன்னால் நிறுத்தினார். பெரியவர் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். பையன் தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருந்தும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பஸ் ஏறுவதற்குள் அவன் ஒரு மின்சாரக் கம்பெனி வாசலில் விசாரித்திருந்தான். அங்கே தொழில் பழக ஆள் எடுக்கிறார்களாம்.

“போஸ்டுல ஏறுறதுக்கு எதுக்குலே இங்கிலீசு? நம்ம தோப்புல தென்னை இல்லையா?” என்று குதித்தார் நல்லகண்ணு.

“தேங்காய்க்கு ஏறலய்யா. வெளிச்சத்துக்கு ஏறுறேன்.”

அதோடு நிறுத்தாமல் பையன் இன்னொன்றையும் உளறிவிட்டான். கரண்டு வேலைக்கு உடம்பில் உலோகம் கூடாது, மோதிரம் முதல் அருணாக்கொடி வரை கழற்ற வேண்டும் என்று போர்மேன் சொன்னாராம். நல்லகண்ணுவுக்கு வாயெல்லாம் பல். “உங்க ஆத்தா சரின்னா போ” என்று பெருந்தன்மையாகத் தீர்ப்பு வழங்கினார்.

அவர் நினைத்தபடியே மொக்கம்மாள் தலைவிரித்து அழுதாள். “உசுரோட இருக்கிற பிள்ளைக்கா அருணாக்கொடியைக் கழத்தச் சொல்றாக?” என்றாள். அன்றைக்கு அடுப்பில் பூனை உறங்கியது.

மனுஷர் அந்த மட்டில் விட்டிருக்கலாம். ஜெயித்த வழக்கில் இன்னொரு சாட்சியையும் கூண்டில் ஏற்றினார். ஊரின் ஒரே பி.ஏ.வான சின்னக்கருப்பைக் கூட்டிவந்து, காலேஜின் அருமையை அவளுக்குச் சொல்லச் சொன்னார். சின்னக்கருப்பும் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலேஜுக்குப் போனால் பட்டிக்காட்டுத்தனம் தானாக விலகிவிடும் என்று ஆரம்பித்தார்.

“இப்ப என்னையப் பாருங்க. சேந்த வாரமே அருணாக்கொடியைக் கழத்திட்டேன். ஆஸ்டல்ல சிரிச்சாகல்ல?”

மொக்கம்மாள் அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்தினாள்.

“அப்ப அங்கன போனாலும் கழத்தத்தானா?”

“பின்னே?”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “காலேசுல வெக்கப்பட்டுக் கழத்துறாக. கம்பெனியில உசுருக்குப் பயந்து கழத்தச் சொல்றாக. எம் பிள்ளை உசுருக்குப் பயப்படுற எடத்துக்கே போகட்டும்.”

 நல்லகண்ணுவுக்கு இந்த வழக்கிலும் தோல்விதான். இந்தத் தடவை உட்கார்ந்தபடியே தோற்றார்.

கொடியை அவளே கழற்றி, கறுப்புக் கயிறு கட்டி மகனை அனுப்பினாள்.  அவன் லீவில் வரும்போதெல்லாம் வெள்ளியைக் கட்டுவாள், கிளம்பும்போது கழற்றி முந்தியில் முடிந்துகொள்வாள்.

உலகச் சண்டை முடிந்த சமயம், வயர்மேன் சுருளியாண்டி சொந்தத் தெருவுக்கே கரண்டு இழுக்க வந்தான். போஸ்டைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. நல்லகண்ணு போஸ்டில் கை வைத்து நின்றுகொண்டு, “காலேசுல எடம் கெடச்சும் வேண்டாம்னுட்டான் எம் மகன்” என்று போவோர் வருவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே இருந்து மகன் கத்தினான். “ஆத்தா, வெள்ளியைக் கையில வச்சுக்கிட்டு இங்கன நிக்காத. தள்ளிப் போ!”

அவள் நகர்ந்துகொண்டே புருஷனைப் பார்த்தாள். “ஏன், உங்க இடுப்புல கெடக்குறது வெள்ளி இல்லையாக்கும்?”

நல்லகண்ணு கையை வெடுக்கென்று எடுத்தார். அவரோடு ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பி.ஏ. சின்னக்கருப்பு மட்டும் போஸ்டடியில் தனியாக நின்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்ததும், அவரும் வெறும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

மொக்கம்மாளுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மகன் தரையில் கால் வைத்ததும் ஓடிப்போய், நடுத்தெருவில் ஊர் பார்க்க, வெள்ளிக்கொடியை அவன் இடுப்பில் கட்டினாள். அவன் வெட்கப்படாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கட்டி முடித்த பிறகுதான் அவள் போஸ்டில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள்.